புதுப்பிப்பு: கண்ணாடி விரியன் கடித்த என் மைத்துனரின் உடல்நிலை

மியான்மரில் (பர்மாவில்) பகோ பக்கம் நெல் அறுக்கையில் கண்ணாடி விரியன் கடித்து, என் மைத்துனருக்குச் சிறுநீர் நின்றுவிட்டதை முன்பு எழுதியிருந்தேன்; நச்சுமுறி மருந்தாலும் டயாலிசிஸாலும் சிறுநீரகங்கள் மீண்டுவிட்டன. ஆனால் சோர்வும் குறைந்த இரத்த அழுத்தமும் நீடித்ததால் மருத்துவர் ஹார்மோன் பரிசோதனை செய்தார். இரத்தம் உறைவதைக் கெடுக்கும் இந்த நஞ்சு, பர்மாவிலுள்ள கண்ணாடி விரியனின் கடியில், மூளையடியிலிருந்து பிற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும் சில வேளை இரத்தக்கசிவால் சிதைத்துவிடுகிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம். இரத்த அழுத்தத்தைக் காக்க உதவும் கார்டிசால் என்ற ஹார்மோனின் குறைவு உறுதியானதால், அதை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை இப்போது உட்கொள்கிறார், நன்றாக நடமாடுகிறார்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்: இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கேடு, கடிபட்ட காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்த இரத்தம் உறையாவிட்டால், நச்சுமுறி தேவை என்று பொருள். மீண்டவர் பல மாதங்களாகியும் தளர்ந்தே இருந்தால், சோம்பல் என்று தயவுசெய்து பழிக்காமல், ஹார்மோன்களைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.