புத்தளம் உப்புப்பாத்தி நுண்ணுயிர்க் கல்ச்சர்: எங்கே சாகிறது, எங்கே பிழைக்கிறது

பாத்திக்கரை:
கன்னியாகுமரி மாவட்டம் புத்தளம், சாமித்தோப்பு பக்கம் நுண்ணுயிர் வளர்க்க நீர் மாதிரி எடுக்கப் போனால் முதலில் உப்பளத்தில் டிகிரி கேளுங்கள். பாமே (உப்புநீரின் அடர்த்தி அளவு) 25-ஐ ஒட்டித்தான் உப்பு விளையும். தண்ணீர் இளஞ்சிவப்பாவதும் அந்தப் பக்குவத்தில்தான். அதில் பெரும்பங்கு உப்பு விரும்பும் ஆர்க்கியா, பாக்டீரியா மாதிரித் தெரியும் தனி வகை ஒற்றைச்செல் உயிர். வழக்கம்போல 0.85 சதவீத உப்புநீரில் நீர்த்தால் செல் வெடித்துவிடும், பிளேட்டில் ஒன்றும் வராது. நீர்ப்பதற்கும் 20 சதவீத உப்புநீர்தான்.

வளர்ப்பு மீடியம் லிட்டருக்கு: உப்பு 250 கிராம், மெக்னீசியம் சல்பேட் 20, பொட்டாசியம் குளோரைடு 2, சோடியம் சிட்ரேட் 3, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10, காசமினோ ஆசிட் 7.5, அகர் 20. இவ்வளவு உப்பில் அகர் சரியாகக் கரையாது. கொஞ்சம் தண்ணீரில் தனியே கொதிக்கவைத்துச் சேர்க்கவும். காசமினோ ஆசிட் விலை பார்த்து பெப்டோன் போடுகிறவர்கள் கவனம்: சில பெப்டோனில் பித்த அமிலம் இருக்கும், அதுவே செல்லைக் கரைத்துவிடும். 37 டிகிரியில் 2, 3 வாரம் பிடிக்கும். பிளேட்டைப் பாலிதீன் கவரில் கட்டாவிட்டால் காய்ந்து உப்புப் பூத்துவிடும்.

நாரோயில்:
அண்ணே, வளர்ப்பதைவிட ஒப்படைப்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சண்டிகர் எம்டிசிசி (1986), புனே என்சிஎம்ஆர் ஆகிய நுண்ணுயிர்ச் சேமிப்பு மையங்கள் இரண்டுமே புடாபெஸ்ட் ஒப்பந்தப்படி காப்புரிமைக்கான கல்ச்சரையும் வாங்குபவை. படிவத்தில் ‘நியூட்ரியன்ட் அகர்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே இது எப்படி முளைக்கும்? உப்பு எத்தனை கிராம், பிஎச், வெப்பநிலை, எத்தனை நாள், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் வேண்டும். அனுப்புமுன் மூன்று முறையாவது ஒற்றைக் காலனியிலிருந்து புதுப் பிளேட்டில் கோடு இழுத்துச் சுத்தமாக்குங்கள்.

அதுவரை கையில் வைக்க, 20 சதவீத கிளிசராலை அதே உப்பு மீடியத்தில் கலந்து மைனஸ் 80-இல். ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வேண்டாம்; பனியை உருக்க அது தானே சூடேறும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செத்துப்போகும். ஆய்வேட்டில் பெயர் இருக்கும், ஃப்ரிட்ஜில் உயிர் இருக்காது.

மணக்குடிக்காயல்:
பெயர் வைக்கிற கட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை. 16எஸ் (இனம் காண ஒப்பிடும் ஜீன்) ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்க வாய்ப்பு. மேலே இருந்தால் ஜீனோம் எடுத்து ஏஎன்ஐ (இரு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை) பார்க்கணும், எல்லை 95–96 சதவீதம். ஆனால் ஹாலோஆர்குலா என்ற உப்பு ஆர்க்கியாவில் ஒரே செல்லுக்குள் இருக்கும் 16எஸ் பிரதிகளே 5 சதவீதம்வரை மாறும். சீக்வன்ஸில் இரட்டை முகடு தெரிந்ததும் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். குளோன் செய்து பாருங்கள்.

புதிய இனமென்றால் டைப் ஸ்ட்ரெயினை (அந்தப் பெயருக்கு ஆதாரமான கல்ச்சரை) இரண்டு வெவ்வேறு நாட்டுக் கலெக்‌ஷன்களில் வைத்தே ஆகணும், 2001 முதல் விதி அதுதான். வெளிநாட்டுக்குப் பார்சல் கட்டுமுன் தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையை முடியுங்கள். கட்டுரை எழுதி முடித்தபிறகு தொடங்கினால் கட்டுரை அங்கேயே கிடக்கும்.