கேக் அலங்காரம் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

தோழிகளே, சமையலுக்கு என்னிடம் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இருக்கிறது. 1951-ல் வந்த புத்தகம், இன்றும் குழம்புக்கு அதுதான் துணை. கேக்குக்குத்தான் வழிகாட்ட ஆளில்லை.

போன வாரம் மகளின் பிறந்தநாளுக்குப் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பட்டர்கிரீமில் கேக் மேல் ரோஜா போட்டேன். சென்னை வெயிலில், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் ரோஜா தளர்ந்து முட்டைக்கோஸ் ஆகிவிட்டது! கையில் இருந்த புத்தகம் குளிர் நாட்டுக்காக எழுதியது. அளவெல்லாம் கப் கணக்கு. எந்தக் கப்?

எனக்கு அளவு கிராமில் வேண்டும். நாசில் (கிரீம் பிழியும் முனை) பிடிப்பது, பைப்பிங் பையில் கிரீம் நிரப்புவது, கேக்கின் பக்கங்களைச் சமமாகப் பூசுவது எல்லாம் படத்தோடு இருக்க வேண்டும். முட்டையில்லாத கேக்கும் இருந்தால் மாமியாருக்கு ஆகும். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவில் செய்யும் பொம்மையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழோ ஆங்கிலமோ, ஆயிரம் ரூபாய்க்குள். நீங்களே செய்து பார்த்த புத்தகமாகச் சொல்லுங்கள்.