கீமோவுக்கு முன் கருமுட்டை உறைய வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் பாசிட்டிவ் வகை (ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோனால் வளரக்கூடியது). இன்னும் திருமணம் ஆகவில்லை. கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கலாம் என்பதால், அதற்கு முன் கருமுட்டையை எடுத்து உறைய வைக்கலாம் என்று டாக்டரே சொன்னார். மாதவிடாய்க்குக் காத்திருக்காமல் எந்த நாளிலும் முட்டைகளை வளர வைக்கும் ஊசி தொடங்கலாமாம், சுமார் 2 வாரம் ஆகுமாம். ஈஸ்ட்ரோஜன் அதிகம் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். அவளோ ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, "அதற்குள் கட்டி பெரிதாகிவிட்டால்?" என்றே கேட்கிறாள். பெரியவர்கள், "முதலில் உயிர், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். முடிவு அவளுடையது என்பது என் கட்சி.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: ஊசி போட்ட நாட்கள் எப்படி இருந்தன? முட்டை எடுத்தபின் எத்தனை நாளில் கீமோ தொடங்கினார்கள்? புற்றுநோய் டாக்டரையும் கருத்தரிப்பு டாக்டரையும் ஒன்றாகப் பேச வைக்க முடிந்ததா? மூலிகை யோசனைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.