தகரக் கூரை வீட்டில் இசைத்தட்டும் சி.டி.யும்: பூஞ்சணத்தைத் தடுப்பது எப்படி?

சிப்புட்_லயம்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. பாதி கல், பாதி பலகை, மேலே தகரம். அப்பா சேர்த்து வைத்தவை: 78 சுற்றுத் தட்டு 60, எல்.பி. (12 அங்குலப் பெரிய இசைத்தட்டு) 180, சின்ன 45 சுற்றுத் தட்டு நூற்றுக்கும் மேல், சி.டி.யும் வி.சி.டி.யும் சேர்த்து 400. எல்லாம் ஹாலில் வெளிச்சுவரை ஒட்டிய பலகை அலமாரியில் இருக்கின்றன. எல்.பி. உறைகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சில வி.சி.டி.க்கள் ஜிப் பையின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஈரப்பதம் காலையில் 88, பிற்பகலில் 64 காட்டுகிறது. படுக்கையறையில் ஏர்கோன் (குளிரூட்டி) உண்டு, இரவில் மட்டும் ஓடும். எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிடலாமா? அந்துருண்டை போடலாமா? எதில் தொடங்குவது?

ஊசிமுனை:
தம்பி, ஏர்கோன் அறைக்கு அப்படியே மாற்றிவிடாதீர்கள். காலை 88, பிற்பகல் 64 என்று மீட்டர் காட்டினாலும் காற்றில் உள்ள தண்ணீர் ஏறக்குறைய ஒரே அளவுதான், கன மீட்டருக்கு 20 முதல் 22 கிராம். சூடு ஏறுவதால் எண் இறங்குகிறது, அவ்வளவே. இந்தக் காற்று 23, 24 பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீராகப் படியும். இரவெல்லாம் 22 பாகையில் கிடந்த தட்டு, விடிந்ததும் ஏர்கோனை அடைத்து ஜன்னலைத் திறந்தால் வியர்த்துவிடும். தினமும் இப்படி நனைந்து காய்வது, ஹாலில் சும்மா கிடப்பதைவிட மோசம்.

பூஞ்சணம் 65, 70 விழுக்காட்டுக்கு மேல்தான் வளரும். 45 முதல் 55 வரை வைத்திருந்தால் போதும். 40க்குக் கீழே இறக்கினால் உறையின் பசை உரியத் தொடங்கும்.

வீடு முழுக்கக் காயவைக்க முடியாது, ஆகவே பெட்டிக்குள் காயவைக்க வேண்டும். மூடியில் ரப்பர் விளிம்பும் பக்கத்தில் கொக்கியும் உள்ள பாலிபுரோப்பிலீன் பெட்டி வாங்குங்கள். எல்.பி.க்கு உள்ளளவு 32 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஒரு பெட்டிக்கு 30 தட்டு, எல்லாம் நிமிர்ந்து நிற்கவேண்டும். சாய்ந்து நின்றால் நம் வெயிலில் வளைந்துவிடும்.

பலர் தவறு செய்வது சிலிக்கா ஜெல் அளவில். பிஸ்கட் டின்னில் வரும் சின்னப் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றில் ஒரு கிராம் தண்ணீர்கூட இல்லை. தண்ணீர் அட்டையில் இருக்கிறது. ஓர் உறை ஏறத்தாழ 70 கிராம், 30 உறை 2 கிலோவுக்கு மேல். ஈரக் காலத்து அட்டை 50 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கு இறங்கும்போது தன் எடையில் சுமார் 5 விழுக்காட்டைத் தண்ணீராக விடும், அதாவது 100 கிராம். சிலிக்கா ஜெல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் தன் எடையில் கால் பங்குதான் பிடிக்கும். கணக்குப் பார்த்தால் பெட்டிக்கு அரை கிலோ வேண்டும். நிறம் மாறும் ஆரஞ்சு வகை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு உண்டு, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். பச்சையானதும் ஓவன் அடுப்பில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். தண்ணீர் சேரும் வெள்ளை டப்பா வகையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு, கவிழ்ந்தால் உப்புநீர் தட்டில் ஓடும்.

உங்கள் ஏர்கோன் இதற்கு உதவும். இரவு ஏர்கோன் போட்டதும் பெட்டியைத் திறந்து, உறைகளை விரல் நுழையும் அளவுக்கு விலக்கி வையுங்கள். காலையில் ஏர்கோனை அடைப்பதற்கு முன்பே மூடியைப் போட்டுவிடுங்கள். வியர்ப்பது பெட்டியின் வெளிப்பக்கம்தான். நான்கைந்து இரவு இப்படிச் செய்து, பிறகு சிலிக்கா ஜெல் போட்டு மூடினால் அது பல மாதம் தாங்கும். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று இருக்கட்டும். அதை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி: பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, குழையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, ஈரமானியோடு ஒரு டப்பாவில் 12 மணி நேரம் அடைத்து வையுங்கள். 75 காட்டவேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள்.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சி.டி. டப்பாவின் பாலிஸ்டைரீனை இளக்கும். சூடமும் அப்படித்தான். சாமி மேடை அருகிலும் வைக்காதீர்கள், சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் எண்ணெய்ப் பிசுக்காகத் தட்டில் படியும்.

கிந்தா_ஒலி:
வி.சி.டி. ஒட்டுகிறது என்றால் அந்தப் பை பி.வி.சி. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே கசிகிறது. இன்றே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், முதல் வேலை இதுதான். ஒட்டியதைப் பிய்க்கும்போது அச்சிட்ட பக்கத்தைக் கவனியுங்கள். பலர் பளபளக்கும் பக்கத்தைத்தான் காக்கிறார்கள். அங்கே 1.2 மி.மீ. பாலிகார்பனேட் இருக்கிறது. பாட்டுப் பதிந்த அலுமினியப் படலமோ அச்சுப் பக்கத்தில் மெல்லிய வார்னிஷுக்கு அடியில் கிடக்கிறது. அங்கே நகம் கீறினால் பாட்டே போய்விடும். டார்ச்சுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல் வெளிச்சம் தெரிந்தால் படலம் உதிர்ந்திருக்கிறது, ஓரத்திலிருந்து பழுப்பு பரவினால் அரிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டையும் கழுவிச் சரிசெய்ய முடியாது, ஓடும்போதே நகல் எடுக்க வேண்டியதுதான். டி.வி.டி. வேறு கட்டுமானம், 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டியது. டப்பாவிலிருந்து எடுக்கும்போது வளைத்தால் ஒட்டு பிரியும். நடுக் குமிழை அமுக்கிவிட்டு எடுங்கள்.

துடைப்பது எப்போதும் நடு ஓட்டையிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோட்டில். தடத்தின் போக்கில் 2.5 மி.மீ. அழிந்தாலும் சி.டி. பிழையைத் திருத்திக்கொள்ளும். வட்டமாகத் துடைத்து, கீறல் தடத்தோடு ஓடினால் திருத்த முடியாது.

வீட்டில் பதிந்த சி.டி.க்கள் இருந்தால் அவற்றை முதலில் நகலெடுங்கள். அவற்றில் இருப்பது சாயம், வெளிச்சமும் சூடும் பட்டால் மங்கும். கணினியில் வி.சி.டி.யை ஐ.எஸ்.ஓ. (.iso) என்ற ஒற்றைக் கோப்பாக நகலெடுக்காதீர்கள். படம் இருக்கும் பகுதி வேறு வகை செக்டர் (தட்டில் தரவு பிரித்துப் பதியும் சிறு துண்டு), ஒரு செக்டருக்கு 2,324 பைட். ‘.bin’, ‘.cue’ என்று இரண்டு கோப்பாக எடுத்தால்தான் முழுதாக வரும். பாட்டு சி.டி.யை ஃபிளாக்கில் (FLAC, ஒலித்தரம் குறையாத கோப்பு வகை) எடுங்கள்.

பீடோர்_குரல்:
பூஞ்சணம் பிடித்த எல்.பி.யை வீட்டுக்குள் தட்டாதீர்கள். முகக்கவசம் போட்டு, வாசலில் வைத்து, மென்மையான தூரிகையால் முதலில் உலரத் தட்டுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீர் 4 பங்கு, 99 விழுக்காடு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் 1 பங்கு. மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். சி.டி.க்கு நேர்மாறு. பிறகு வெறும் வடிநீரில் இன்னொரு தரம். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் தடத்துக்குள் சுண்ணாம்பு நிற்கும், பிறகு காலமெல்லாம் பாட்டில் பொரியும் சத்தம் கேட்கும். நடு லேபிள் நனையாமல் பார்த்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். பழைய உள்தாளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பூஞ்சண வித்து அதில்தான் இருக்கும். 78 தட்டுகளையும் இப்படியே செய்யலாம்.

ஊசிமுனை:
அக்கா சொன்ன கடைசி வரியை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 78 தட்டு அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், ஒரு துடைப்பிலேயே தடம் போய்விடும். இந்தியாவில் 78 தட்டுகள் 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்தன, ஆகவே புதிதாகத் தெரிந்தாலும் அரக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வடிநீர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு போதும். சட்டென்று துடைத்து உடனே உலர்த்த வேண்டும். அரக்கோடு கல்தூள் கலந்திருக்கும், ஓரம் சிதைந்த இடத்தில் ஈரம் உள்ளே போகும்.

பீடோர்_குரல்:
சரிதான், 78ஐ அதில் சேர்த்து எழுதியது என் பிழை. எல்.பி., 45 இரண்டுக்கு மட்டும் அந்தக் கலவை.

சிப்புட்_லயம்:
மிக்க நன்றி அண்ணே, அக்கா. பைகளிலிருந்து வி.சி.டி.க்களை எடுத்தாகிவிட்டது. இன்னும் ஒன்று: பலகைத் தரை இவ்வளவு பாரத்தைத் தாங்குமா? கரையான் பயமும் இருக்கிறது.

ஊசிமுனை:
30 எல்.பி. உள்ள பெட்டி சுமார் 8 கிலோ, ஆறு பெட்டிக்கு 48. 78 தட்டுகள் 12 கிலோ இருக்கும். சி.டி., வி.சி.டி. 400ஐயும் டப்பாவோடு வைத்தால் இன்னொரு 40 கிலோ. நூறு கிலோவை ஒரே பலகையில் இறக்காதீர்கள். ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் இடத்துக்கு அடியில்தான் குறுக்குச் சட்டம் ஓடும். அலமாரிக் கால்கள் குறைந்தது இரண்டு சட்டத்தின் மேல் நிற்கட்டும். பலகை அலமாரியை விட்டுவிட்டு இரும்பு அலமாரி வாங்குங்கள். உட்சுவர் ஓரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் கால் வழியே கரையான் ஏறும் மண்தடம் கண்ணில் படும். மேல்தட்டு நெஞ்சு உயரத்தைத் தாண்டவேண்டாம், தகரத்தின் சூடு மேலேதான் தேங்கும்.

78 தட்டுகளை எல்.பி.யோடு கலக்காதீர்கள். 10 அங்குலத் தட்டு 12 அங்குலத்துக்கு இடையில் நின்றால் அழுத்தம் ஒரு பக்கமாக விழும், அரக்கு வெடிக்கும். பெட்டிமேல் பெட்டியும் அடுக்காதீர்கள். மூடி வளைந்தால் ரப்பர் விளிம்பு இடைவெளி விடும், வெளியே தெரியாது. முதல் மாதம் வாரம் ஒருமுறை உள்ளே இருக்கும் ஈரமானியைப் பாருங்கள். 60ஐத் தாண்டினால் ஜெல்லைக் குறை சொல்வதற்கு முன் அந்த விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் காற்று போகிறது.