64 பொம்மைகளை என்ன செய்வது? வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஏழு வருடங்களாகச் சேர்த்த 64 ஃபங்கோ பாப் பொம்மைகள் (திரைப்பட, தொடர் கதாபாத்திரங்களின் உருவில் ஃபங்கோ என்ற அமெரிக்க நிறுவனம் விற்கும் சிறிய வினைல் பொம்மைகள்) என்னிடம் இருக்கின்றன. பிரித்தால் மதிப்புக் குறையும் என்று பெரும்பாலானவற்றைப் பெட்டியோடு அடுக்கிவைத்துவிட்டேன்.

நேற்று தூசி தட்டும்போது ஹாரி பாட்டரையும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஜான் ஸ்னோவையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அதே பெரிய சதுரத் தலை, அதே கறுப்பு உருண்டைக் கண்கள், இருவருக்குமே வாய் இல்லை. கண்ணாடியையும் தாடியையும் நீக்கினால் யார் யாரென்றே தெரியாது. மனது கனத்துவிட்டது. விற்காமல் தேங்கிய 3 கோடி டாலருக்கும் அதிகமான சரக்கை அழிக்கப்போவதாக 2023-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. அப்படிப்பட்ட பொருளையா தேடித் தேடி வாங்கினேன்!

முதல் சம்பளத்தில் வாங்கிய ஒன்றை மட்டும் தரமாட்டேன். அது பெட்டியில் இருந்ததே இல்லை. விரல் பட்டுப் பட்டுத் தலையில் வண்ணம் தேய்ந்திருக்கிறது.

மற்ற 63-ஐக் குழந்தைகள் இல்லங்கள் ஏற்றுக்கொள்ளுமா? எத்தனை வயதுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்? உடைந்த நான்கைந்தின் வினைல் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு யாராவது எடுப்பார்களா? கொடுத்துப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த மாதக் கடைசியில் வீடு மாறுகிறேன்.