இந்திய மினியேச்சர் ஷீட் மட்டும் சேர்ப்பது சேகரிப்பா, இல்லையா?

ஷீட்73:
பல வருடம் எல்லா நாட்டுத் தபால்தலையும் வாங்கிக் குவித்தவன் நான். ஒரு கட்டத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே தெரியாமல் போய்விட்டது. அதனால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 1973 இண்டிபெக்ஸ் தபால்தலைக் கண்காட்சிக்கு வந்த முதல் ஷீட்டிலிருந்து இன்று வரை இந்திய மினியேச்சர் ஷீட் மட்டும், அதாவது ஒன்றோ சிலவோ தலைகளைச் சுற்றிலும் ஓரம் விட்டு அச்சிட்ட சின்னத் தாள் மட்டும், என்று முடிவு செய்தேன். ஒரு ஆள் சேர்த்து முடிக்கக்கூடிய அளவு அது. உறைக்காரன் அண்ணன் இதை ‘சேகரிப்பே இல்லை, நினைவுப்பொருள்’ என்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

உறைக்காரன்:
தம்பி, இப்போதும் அதையேதான் சொல்கிறேன். தபால்தலை என்றால் தபாலில் போயிருக்க வேண்டும். அந்த முதல் ஷீட்டையே எடுத்துக்கொள், நாலு தலை, ஒன்றுக்கும் துளை கிடையாது. கிழித்து ஒட்ட வழி வைக்காமல் அச்சிட்டது கடிதம் போடுகிறவனுக்காகவா? 2013இல் சினிமா நூற்றாண்டுக்கு ஒரே நாளில் 50 தலை, ஆறு ஷீட். அதில் ஒரு தலையாவது சாதாரணக் கடிதத்தில் ஒட்டி வந்திருக்கிறதா என்று இன்றைக்கும் தேடுகிறேன், என் கையில் ஒன்றும் சிக்கவில்லை. என்னிடம் இருக்கிற ஒரு பழைய கடித உறையைப் பார்த்தால் எந்த ஊரில் போட்டார்கள், என்றைக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு ஒட்டினார்கள், எல்லாம் தெரியும். உன் ஷீட் எதைச் சொல்லும்?

ஷீட்73:
துளை இல்லை என்று தள்ளுவதானால் சிந்துப் பகுதிக்கு வந்த 1852 சிந்து டாக் தலையையும், இந்தியா முழுவதற்கும் வந்த 1854 தலைகளையும் தள்ள வேண்டி வரும் அண்ணே, அவையும் கத்தரியால் வெட்டி ஒட்டியவைதான். ஷீட் எதைச் சொல்லும் என்று கேட்டீர்கள். 2013 நவம்பர் 14, சச்சினின் 200வது டெஸ்ட் தொடங்கிய அன்றே அவருக்கு ஷீட் வந்தது. ஆள் மைதானத்தில் நிற்கும்போதே அஞ்சல் துறை அவரை அச்சிட்டிருக்கிறது, அந்த நாளின் பரபரப்பு அந்தத் தாளில் இருக்கிறது. அப்புறம், ஓரம் என்று ஒன்று இருக்கிறதே. தனித் தலையில் ஓவியருக்குக் கிடைப்பது கட்டைவிரல் அகலம். ஷீட்டில் படம் ஓரம் வரை ஓடும், தலை அதற்குள் உட்கார்ந்திருக்கும், தலையைப் பிரித்தால் படத்தில் ஓட்டை விழும். இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாகத்தான் வரைந்திருக்கிறார்கள், நான் சேர்ப்பது அந்த முழுப் பொருளை.

மல்லிகை_ஆல்பம்:
நானும் ஷீட் சேர்க்கிறவள்தான், ஆனால் ஒரு விஷயத்தில் உறைக்காரன் சார் பக்கம். 2007 ரோஜா ஷீட் என்னிடம் இருக்கிறது, பீம், ஜவாஹர், நீலம், டெல்லி பிரின்சஸ் என்று நாலு ரோஜா, வாசனையோடு வந்தது. கெட்டுப்போகும் என்று பயந்து பிளாஸ்டிக் உறையை விட்டு எடுக்கவே இல்லை. போன மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பசை ஈரம் குடித்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு மூலை உரிந்தே வந்தது. வாசனையும் இல்லை. வந்த புதிதில் ஒரு தலையைக் கிழித்து அக்காவுக்குக் கடிதம் போட்டிருந்தால் அவளாவது முகர்ந்திருப்பாள். இன்னும் மனசு ஆறவில்லை.

உறைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அம்மா.

ஷீட்73:
மேடம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தப்பு உறையில்தான், ஷீட்டில் இல்லை. பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், அது தாளையும் மையையும் கெடுக்கும். பாலிஎஸ்டர் உறையில் போட்டு, ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்தால் மேல் பாரம் முழுவதும் பசைமேல் இறங்கும். வாசனைக்கு மட்டும் என்னிடமும் வழி இல்லை. 2017இல் வந்த காப்பி வாசனை ஷீட்டும் அப்படித்தான் போகப்போகிறது.

உறைக்காரன்:
சரி, ஓரத்தைப் பற்றி நீ சொன்னது எனக்குத் தோன்றாதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘சேர்த்து முடிக்கலாம்’ என்கிறாயே, அதில்தான் எனக்குச் சந்தேகம். எதை எண்ணுவாய்? மை ஸ்டாம்ப் தாள்களை எண்ணுவாயா? ஒரே தலையைப் பல தடவை அடுக்கிய ஷீட்லெட்டை?

ஷீட்73:
இரண்டையும் எண்ண மாட்டேன். மை ஸ்டாம்ப் காசு கொடுத்தவர் படத்தைப் போட்டுத் தருவது, ஷீட்லெட் சின்னதாக்கிய சாதாரணத் தாள். ஓரத்துக்கென்று தனியாக வரைந்து அஞ்சல் துறை நினைவு வெளியீடாகத் தந்தது மட்டும்தான் என் கணக்கு. புது வெளியீடுகளுக்கு அஞ்சல் துறையில் முன்பணம் கட்டி பிலாட்டலிக் டெபாசிட் அக்கவுண்ட் திறக்கலாம், வீட்டுக்கே வந்துவிடும். பழையதுதான் பாடு, பசை கெடாத 1973 ஷீட்டுக்காக இன்னும் அலைகிறேன்.

உறைக்காரன்:
1973 ஷீட் என்னிடம் ஒன்று இருக்கிறது, கண்காட்சி முத்திரை குத்தி உறையில் ஒட்டியது. பசையைப் பற்றிய கவலையே இல்லை. வேண்டுமா சொல், ஆனால் உறையிலிருந்து பிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும்.

ஷீட்73:
கொடுத்தேன் அண்ணே. எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று மட்டும் ஒரு வாரம் யோசிக்க விடுங்கள்.