ஆறாம் வகுப்பு வந்தும் கழித்தல் வராத 11 பேர்: நேரத்துக்கு எங்கே போவது?

கணக்கு டீச்சர் (திருவண்ணாமலை மாவட்டம்):

எல்லாருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 31 பிள்ளைகள். ஜூலை கடைசியில் போர்டில் 52 - 27 என்று எழுதிப் போட்டேன். 11 பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். 2-ல் 7 போகாது, அதனால் 7-ல் 2-ஐ எடுத்துவிட்டார்கள். பார்த்து எழுதினார்களோ என்று தனித்தனியாக உட்கார வைத்தும் கேட்டேன். அப்போதும் 35தான்.

இந்த 11 பேரில் 8 பேர் வீட்டில் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆடி பிறக்கும்போதுதான் ஊர் திரும்புவது. ஒரு பையனின் போன வருஷத்து மூன்றாம் பருவப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். புதுப் புத்தக வாசனைகூடப் போகவில்லை.

மாலை வகுப்பு வைத்துப் பார்த்தேன். வந்தது யார் தெரியுமா? ஏற்கெனவே கணக்குப் போடத் தெரிந்த 7 பேர். மற்றவர்களைக் கேட்டால் ஆட்டை ஓட்டணும், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகணும். இதற்கு நடுவே எங்கள் தலைமையாசிரியர் மாலை நேரம் முழுக்க எட்டாம் வகுப்பில் 9 பேருக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சிக்கே என்கிறார். வருஷம் 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை. இல்லாத வீட்டுக்கு அது பெரிய காசு, அவர் சொல்வது நியாயம்தான். (வாசலில் பிளக்ஸ் வைக்கும் ஆசையும் உண்டு.) ஆனால் அந்த 9 பேர் எப்படியும் கரையேறிவிடுவார்கள். என் 11 பேருக்கு நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

டீச்சர், மாலை வகுப்பை மறந்துடுங்க. வேண்டியவன் வரமாட்டான், வர்றவனுக்கு வேண்டியிருக்காது. நான் 30 வருஷம் பார்த்தது இதுதான். உங்க பீரியடிலேயே முதல் 20 நிமிஷத்தை எடுத்துக்குங்க. அஞ்சாவது வரைக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு, பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து நடத்துறாங்க. ஆறாவதுலயும் அதே மாதிரி தொடங்குங்க. பாடம் முடியலைன்னு ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா, 52 - 27 தாளைக் காட்டுங்க.

அடுத்தது, ‘கடன் வாங்கி’ன்னு சொல்றதை நிறுத்துங்க. திருப்பியே தராத கடன் என்ன கடன்? ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க. அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. ‘இதுல 27 குடு’ன்னு கேளுங்க. கட்டைப் பிரிக்காம கொடுக்க முடியாதுன்னு கையே சொல்லிக் கொடுக்கும். ரெண்டு வாரம் நோட்டையே தொடவிடாதீங்க.

தன்னார்வலர் அக்கா:

நான் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல, தெருப் பிள்ளைகளுக்கு மாலையில பாடம் சொல்லிக் கொடுக்கிற தன்னார்வலரா இருந்தவ. மாசம் 1,000 ரூபாய், எங்க வீட்டுத் திண்ணைதான் மையம். தெருவிலேயே இருந்ததால ஆட்டைக் கட்டிட்டு வந்து உட்காருவாங்க. டீச்சர், நீங்க வாசிக்கிறதையும் ஒருதரம் சோதிச்சுப் பாருங்களேன். ஒரு பையன் வெறும் கணக்கெல்லாம் போட்டுடுவான், வாக்கியக் கணக்கு மட்டும் காலி. நான் வாசிச்சுக் காட்டினா உடனே விடை சொல்வான். ‘கொய்யா’வைக் காட்டினேன், ‘கெரய்யர’ன்னு படிச்சான். துணைக்காலை அவன் ‘ர’ன்னு நினைச்சுட்டிருக்கான்! அஞ்சு வருஷமா அவனைக் கணக்கு வராதவன்னே சொல்லிட்டிருந்திருக்கோம்.

சூளையில் வளர்ந்தவன்:

டீச்சர், நானும் அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தனா இருந்தவன்தான். இப்ப ஐ.டி.ஐ. முடிச்சு வேலையில இருக்கேன். அப்பா முன்பணம் வாங்கிட்டார்னா அது கழியற வரைக்கும் திரும்ப முடியாது, ‘பிள்ளையை விட்டுட்டுப் போங்க’ன்னு சொல்றது சுலபம். பாட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் அது ஆகும். எங்க வாத்தியார் ஒருத்தர் மார்கழியிலேயே எந்த ஊர் சூளைன்னு கேட்டு எழுதி வச்சுக்குவார், பக்கத்துல இருக்கிற பள்ளிக்கு அவரே போன் பண்ணுவார். அங்க போய் உட்கார்ந்ததால பள்ளிப் பதிவேட்டுல என் பேர் தப்பிச்சுது. முடிஞ்சா முக்கியமான பாடத்தை டிசம்பருக்குள்ள முடிச்சுடுங்க.

இன்னொண்ணு. காலைச் சாப்பாடு அஞ்சாவதோட நின்னுடுது. ஆறாவது படிக்கிறவன் தம்பி சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டு நிப்பான். உங்க கணக்கு முதல் பீரியடா இருந்தா மாத்திக்குங்க.

கணக்கு டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் பீரியடாகத்தான் இருந்தது தம்பி, மதியத்துக்கு மாற்றிவிட்டேன். சமூக அறிவியல் சார் கொஞ்சம் முணுமுணுத்தார். அக்கா சொன்னபடி வாசிக்கவும் வைத்தேன். 11 பேரில் 4 பேருக்கு எழுத்தே தடுமாறுகிறது, அதைத் தமிழம்மாவும் நானும் பங்கு போட்டிருக்கிறோம். தலைமையாசிரியரிடம் மாலை நேரத்தைக் கேட்கவே இல்லை, அதனால் சண்டையும் இல்லை.

ஈர்க்குச்சியில் 8 பேர் தேறிவிட்டார்கள். நேற்று 402 - 156 கொடுத்தேன். நூறு குச்சியை ஒரே கட்டாகத்தான் கட்டி வைத்திருந்தேன். ஒருத்தி அதைப் பிரித்துக் கொட்டினாள். பத்துப் பத்தாகக் கட்டட்டும் என்று 10 ரப்பர் பேண்டை நீட்டினேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “ஒம்பது போதும் டீச்சர், ஒரு கட்டை எப்படியும் பிரிக்கத்தானே போறேன்?”